ஊர்க் கட்டடத்துக்குத் தனிக்கட்டுரை எழுதலாமா? விக்கிப்பீடியாவுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விக்கிப்பீடியாவில் எழுத வருகிறவர்களில் பலர் முதலில் கையில் எடுப்பது தம் ஊரிலுள்ள ஒரு பழைய கட்டடத்தைத்தான். நாள்தோறும் கடந்துபோகும் சத்திரம், தாத்தா படித்த பள்ளிக்கூடம், பேருந்து நிலையத்துக்கு எதிரே நிற்கும் மணிக்கூண்டு, பூட்டிக் கிடக்கும் ஜமீன் மாளிகை என்று அது எதுவாகவும் இருக்கலாம். ஒரு வாரம் உழைத்து, படங்களையும் எடுத்துச் சேர்த்துக் கட்டுரையைப் பதிப்பித்த சில நாட்களில், இந்தத் தலைப்பின் குறிப்பிடத்தக்கமை ஐயத்துக்குரியது என்ற அறிவிப்பு அதன் தலைப்பகுதியில் ஏறிவிடும். எழுதியவர் அதைத் தம் ஊருக்கு நேர்ந்த அவமதிப்பாகவே எடுத்துக்கொள்வார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். தஞ்சை மாவட்டத்துச் சாலையோரச் சத்திரம் ஒன்றைப் பற்றி நான் எழுதிய முதற்கட்டுரை, மூன்றே மாதத்தில் அந்த ஊரைப் பற்றிய கட்டுரைக்குள் நான்கு வாக்கியங்களாகச் சுருங்கிப்போனது. அன்று கோபம் வந்தது. இன்று அதன் பழைய வடிவத்தைத் திறந்து படித்தால், அவ்வளவு நீளத்தில் நான்கு வாக்கியங்களுக்கு மட்டுமே சான்று இருந்தது தெரிகிறது.

இந்தக் குறிப்பிடத்தக்கமை என்ற சொல் கட்டடத்தின் பெருமையை அளப்பதன்று. பழமை, அழகு, ஊராரின் பற்று ஆகிய மூன்றில் எதுவும் தனிக்கட்டுரைக்கு உரிமை தந்துவிடாது. அந்தக் கட்டடத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத, நம்பத்தக்க ஒருவர் அதைப் பற்றி விரிவாக எழுதி, அது அச்சிலோ இணையத்திலோ வெளியாகியிருக்கிறதா என்பதே கேட்கப்படும் கேள்வி. கலைக்களஞ்சியத்துக்கென்று சொந்தமாக ஆய்வாளர்கள் இல்லை. கட்டுரை எழுதுகிறவர் யாரென்று படிப்பவருக்குத் தெரியவும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு செய்தியையும் வேறோரிடத்தில் எடுத்துச் சரிபார்க்க வழி இருக்க வேண்டும். அந்த வழி இல்லாதபோது, சொல்வது முழுக்க உண்மையாகவே இருந்தாலும், கலைக்களஞ்சியம் அதைத் தாங்க முடியாது.

முதலில் பெயர்களைத் திரட்டுங்கள்

தேடுவதற்கு முன், கட்டடத்துக்கு இதுவரை வழங்கிய பெயர்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சென்னைக் கடற்கரைச் சாலையில் வளைந்த முகப்போடு நிற்கும் விவேகானந்தர் இல்லம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறையும் ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை வெட்டியெடுத்துக் கப்பலில் கொண்டுவந்து விற்ற ஃபிரெடெரிக் டியூடரின் நிறுவனம், சரக்கைச் சேமித்து வைப்பதற்காக 1842-இல் கட்டிய கிடங்கு அது. பனிக்கட்டியை இங்கேயே இயந்திரத்தில் செய்யும் காலம் வந்ததும் அந்த வணிகம் முடிந்தது. பின்னர் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கிக் குடியிருப்பாக மாற்றிக் 'கேசில் கெர்னான்' என்று பெயரிட்டார். மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் அங்கேதான் தங்கினார். அவருடைய பிறந்த நூற்றாண்டையொட்டி 1963-இல் இன்றைய பெயர் வந்தது. ஆனாலும் அந்தப் பகுதியும் அங்குள்ள காவல் நிலையமும் இன்றுவரை ஐஸ் ஹவுஸ் என்றே அழைக்கப்படுகின்றன.

இன்றைய பெயரை மட்டும் இட்டுத் தேடுகிறவருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அந்த இல்லத்தின் நிகழ்ச்சி அறிவிப்புகளும் சுற்றுலாக் குறிப்புகளுமே. பனிக்கட்டி வணிகத்தின் வரலாற்றை எழுதியவர்கள் ஐஸ் ஹவுஸ் என்றும், பழைய சென்னையை எழுதியவர்கள் கேசில் கெர்னான் என்றும் குறித்திருப்பார்கள். சிறிய ஊர்க் கட்டடங்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். பிரிட்டிஷ் காலத்து ஆவணங்களில் தஞ்சாவூர் 'டேஞ்சூர்' ஆகவும், தரங்கம்பாடி 'டிராங்குபார்' ஆகவும், பருத்தித்துறை 'பாயின்ட் பீட்ரோ' ஆகவும் இருக்கும். அந்த ஆங்கில எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்துத் தேடாதவரை, எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

இணையத்தில் கிடைக்காதது இல்லாதது ஆகிவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூலம் இணையத்தில் இருக்க வேண்டும் என்றோ, தமிழில் இருக்க வேண்டும் என்றோ விதி ஏதும் இல்லை. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு ஆண்டு, பக்க எண் ஆகியவை சரியாக இருந்தால் அச்சு நூலே போதும். கன்னிமாரா நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவற்றில் ஒரு நாள் செலவிட்டால் கூகுள் ஒரு மாதத்தில் தராதது கிடைக்கும். இலங்கைக் கட்டடம் என்றால் நூலகம் திட்டத்தின் வலைத்தளத்தில் மின்வருடப்பட்டுள்ள பழைய இதழ்களையும் மலர்களையும் பாருங்கள். தமிழகத்தின் பழைய மாவட்டங்களுக்கு வெளியான விவரச்சுவடிகள், அதாவது கெசட்டியர்கள், முதலில் புரட்டத்தக்கவை. மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் 1906-லேயே அவை அச்சேறிவிட்டன.

கிடைத்தவற்றை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

தேடிச் சேர்த்தவை அனைத்தையும் எதிரே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிடமும் 'உன்னை எழுதியவருக்கு இந்தக் கட்டடத்தால் என்ன ஆதாயம்?' என்று கேளுங்கள். பள்ளியின் நூற்றாண்டு மலர், கோயிலின் குடமுழுக்கு மலர், மாளிகையைத் தங்கும் விடுதியாக நடத்துகிறவர்களின் வலைத்தளம், குடும்பத்தார் தம் செலவில் அச்சிட்ட வரலாறு, கட்டடத்தை நிர்வகிக்கும் அறக்கட்டளையின் வெளியீடு ஆகியவை முதற்குவியல். இவை பொய் சொல்கின்றன என்பதன்று பொருள். பல வேளைகளில் அடிக்கல் நாட்டிய நாளும் கொத்தனாரின் பெயரும் நூற்றாண்டு மலரில் மட்டுமே இருக்கும், அவற்றை உரிய மேற்கோளோடு பயன்படுத்தவும் செய்யலாம். ஆனால் கட்டுரைக்குத் தகுதி உண்டா என்று கணக்கெடுக்கும்போது அவற்றை எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாது. தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வது பிறர் கவனித்ததற்குச் சான்றாகாது.

இரண்டாவது குவியலில் மூல ஆவணங்கள் சேரும்: கல்வெட்டு, அடிக்கல், பத்திரம், நில வரைபடம், நீதிமன்ற ஆணை, அரசிதழ் அறிவிப்பு. புதியவர்கள் பெரிதும் வழுக்கி விழும் இடம் இதுவே. கல்வெட்டை நேரில் பார்த்துப் படித்து, அதிலுள்ள மன்னன் பெயரிலிருந்து கட்டடத்தின் காலத்தைத் தாமே கணித்து எழுதுவது நல்ல ஆய்வாக இருக்கலாம். எனினும் அதற்கு இடம் கலைக்களஞ்சியம் அன்று. அதே கல்வெட்டைத் தொல்லியல் துறையினர் படியெடுத்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியிலோ ஆண்டறிக்கையிலோ விளக்கியிருந்தால், அந்த விளக்கத்தை மேற்கோள் காட்டுங்கள். தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழில் யாரேனும் அதைப் பற்றி எழுதியிருந்தாலும் அப்படியே.

எஞ்சியவைதாம் நாம் தேடுவது: கட்டடத்தோடு தொடர்பில்லாத வரலாற்றாசிரியர்கள், கட்டடக்கலை அறிஞர்கள், இதழாளர்கள் ஆகியோர் எழுதி, ஆசிரியர் குழுவோ பதிப்பகமோ பொறுப்பேற்று வெளியிட்டவை. இந்தக் குவியலில் எத்தனை இருக்க வேண்டும் என்று விதி எண்ணிக்கை சொல்வதில்லை. இரண்டு விரிவான மூலங்களாவது கையில் இல்லாமல் நான் தொடங்குவதில்லை, மூன்று இருந்தால் நிம்மதி. எண்ணும்போது ஓர் எச்சரிக்கை: ஒரே செய்தி நிறுவனத்தின் செய்தியை நான்கு நாளேடுகள் வெளியிட்டிருந்தால் அது ஒரு மூலமே. அண்மையில் வெளியான ஒரு செய்திக் கட்டுரையின் வரிகள் விக்கிப்பீடியாவிலுள்ள வேறொரு கட்டுரையின் வரிகளை அப்படியே ஒத்திருந்தால், எது முந்தியது என்று, ஒவ்வொரு மாற்றமும் எப்போது நடந்தது எனக் காட்டும் பக்க வரலாற்றில் தேதியைப் பாருங்கள். நம்மிடமிருந்தே எடுத்து எழுதப்பட்டதை நமக்கே சான்றாகக் காட்டிக்கொள்ளும் வட்டம் தமிழில் அரிதன்று.

அண்டை வீட்டுச் சோதனை

மூலம் இருந்தால் போதாது, அதில் விரிவும் வேண்டும். கட்டடத்தின் முன் நிகழ்ந்த சாலை விபத்துச் செய்தியில் அதன் பெயர் வருவது விரிவாகாது. வாக்குச்சாவடிப் பட்டியலில் பள்ளியின் பெயர் இருப்பதும் அப்படியே. இராபர்ட் சீவெல் 1880-களில் சென்னை மாகாணத்தின் தொன்மைச் சின்னங்களை ஊர்வாரியாகத் தொகுத்த பட்டியல்கள் மதிப்புமிக்கவை, ஆனால் அவற்றில் பல ஊர்களுக்கு ஓரிரு வரிகளே உண்டு. அந்த வரியைக் கொண்டு, கட்டடம் அன்று இருந்தது என்று சொல்லலாம். கட்டுரையை அதன்மேல் எழுப்ப முடியாது.

விரிவை அளக்க நான் கையாளும் முறை ஒன்று உண்டு. மணல்தொட்டியில், அதாவது எழுதிப் பார்ப்பதற்கான வரைவுப் பக்கத்தில், கட்டுரையை வரைந்த பின், பக்கத்திலுள்ள அதே வகைக் கட்டடத்துக்கும் அப்படியே பொருந்தும் வாக்கியங்கள் அனைத்தையும் அடித்துவிடுவேன். மிஞ்சுவது எவ்வளவு என்பதைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

செட்டிநாட்டு வீடுகளில் இந்தச் சோதனை கடுமையாக வேலை செய்யும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று அடுத்தடுத்துச் செல்லும் அமைப்பு, பர்மாவிலிருந்து வந்த தேக்கு, ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரை, கண்ணாடிபோல் மின்னும் சுண்ணாம்புப் பூச்சு ஆகியவற்றை எழுதினால் இரண்டு பக்கம் நிறைந்துவிடும். ஆனால் அவற்றை அடுத்த தெருவிலுள்ள வீட்டுக்கும் எழுதலாம், பக்கத்து ஊரிலுள்ள வீட்டுக்கும் எழுதலாம். அடித்த பின் மிஞ்சுவது உரிமையாளரின் பெயரும் தெருவின் பெயரும் மட்டுமே என்றால், அந்த வீடு செட்டிநாட்டு வீடுகள் என்ற பொதுக் கட்டுரைக்கு ஒரு நல்ல படத்தைத் தரலாமே ஒழியத் தனக்கென்று கட்டுரை கேட்க முடியாது. இங்கே கூட்டாகப் பார்க்கும் பார்வையே உலக அளவிலும் இருக்கிறது: யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் சேர்க்கப்பட்டது எந்தவொரு தனி வீடும் அன்று, செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள்தாம். இதைச் சில செய்திகள் 'உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது' என்று எழுதிவிடுகின்றன. உத்தேசப் பட்டியல் என்பது பின்னாளில் முன்மொழியக் கருதுபவற்றின் பட்டியல் மட்டுமே. மாறாக, கானாடுகாத்தானிலுள்ள செட்டிநாடு அரண்மனையைப் போல, அதற்கெனவே எழுதப்பட்ட செய்திகள் உள்ள வீட்டுக்கு அடித்த பின்னும் போதுமான அளவு மிஞ்சும்.

புகழ்பெற்றவர் தங்கினார் என்பதும் இந்தச் சோதனைக்கு உட்பட்டதே. காந்தி ஓரிரவு தங்கிய வீடுகள் தமிழகத்தில் ஏராளம். தங்கியவரின் பெருமை சுவருக்கு ஒட்டிக்கொள்வதில்லை. விவேகானந்தர் தங்கியதனால் மட்டும் ஐஸ் ஹவுஸ் தகுதி பெறவில்லை. ஒரு கடல்கடந்த வணிகத்தின் எச்சமாக வரலாற்றாசிரியர்கள் அதைப் பற்றி எழுதினர், அந்தத் தங்கலைப் பற்றியும் கட்டடத்தின் மாற்றங்களைப் பற்றியும் பலர் எழுதினர். அந்த எழுத்தே அதன் தகுதி.

அரசுப் பட்டியலில் இருந்தால்?

பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற தகுதி, கட்டுரைக்கு ஆதரவான வலுவான சான்று. இந்தியாவில் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மைய அரசு பாதுகாக்கும் சின்னங்கள் 3,600-க்கும் மேல். அவை குறைந்தது நூறாண்டுப் பழமை உடையவையாக இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் வரையறை. தமிழ்நாடு அரசு தன் 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்பவை தனி. இலங்கையில் 1940-ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசிதழில் அறிவிக்கப்பட்டவை உண்டு. சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1973-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய அறிவிப்புப் பெற்ற கட்டடத்தைப் பற்றி யாரேனும் விரிவாக எழுதியிருப்பார்கள் என்று ஊகிக்க நியாயம் இருக்கிறது. அதனாலேயே விக்கிப்பீடியாவும் அவற்றுக்குச் சலுகை காட்டுகிறது. ஆயினும் அது ஊகமே. பெயர், ஊர், பதிவு எண் ஆகிய மூன்றைத் தவிர எதுவும் எழுத முடியாத கட்டடத்தை மாவட்டப் பட்டியலில் ஒரு வரிசையாக வைப்பதே நேர்மை.

அறிவிப்பைப் படிக்கும்போது, அது இறுதி அறிவிப்பா என்று பாருங்கள். மையச் சட்டப்படி முதலில் அரசு தன் எண்ணத்தை வெளியிட்டு, மறுப்புத் தெரிவிக்க இரண்டு மாத அவகாசம் தந்த பின்னரே சின்னமாக அறிவிக்க முடியும். முதல் அறிவிப்பின் செய்தியை வைத்துக்கொண்டு 'பாதுகாக்கப்பட்ட சின்னம்' என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை.

எல்லாப் பட்டியலுக்கும் ஒரே எடையும் இல்லை. விளம்பரப் பலகைகள் தொடர்பான வழக்கில் அமைந்த நீதிபதி பத்மநாபன் குழுவின் அறிக்கையில் சென்னையின் 467 கட்டடங்கள் இடம்பெற்றன. அதில் ஒரு கட்டடம் இருப்பது, அதைத் தொடர்ந்து தேடுவதற்கான நல்ல காரணமே தவிரத் தேடலின் முடிவன்று. அண்ணா சாலையிலுள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தைப் பாருங்கள். மருந்து வணிக நிறுவனம் ஒன்றுக்காக 1897-இல் எழுந்த அந்தக் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது, மரபுச் சின்னங்களின் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அந்த வழக்கை ஒட்டிக் கட்டடத்தின் வரலாறும் கட்டடக்கலையும் ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்டன. தகுதியைத் தீர்மானிப்பது பட்டியலிலுள்ள அந்த ஒரு வரி அன்று, அதைச் சுற்றித் திரண்ட எழுத்து.

கோயில்களுக்குத் தனிக் கவனம்

தமிழ்ப் பயனர்கள் எழுதும் கட்டடங்களில் கோயில்களே மிகுதி என்பதால் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. தேவாரப் பாடல் பெற்ற 276 தலங்களுக்கும் 108 திவ்ய தேசங்களுக்கும் ஐயம் தேவையில்லை. சமய இலக்கியமும் ஆய்வுலகமும் அவற்றை நூற்றாண்டுகளாக எழுதி வந்திருக்கின்றன. ஆனால் கட்டடத்தை எழுதும்போது ஒன்றை மறக்கக்கூடாது. பாடல் பெற்றது தலம். இன்று நிற்கும் கற்றளி, அதாவது கருங்கல் கோயில், பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி செங்கல் கோயில்கள் பலவற்றைக் கருங்கல்லால் மாற்றிக் கட்டுவித்தார். அப்பர் பாடினார் என்பதால் அந்தக் கருவறைச் சுவர் ஏழாம் நூற்றாண்டினது என்று எழுதினால், கட்டடத்துக்கு முந்நூறு ஆண்டு வயதைக் கூட்டிவிட்டோம் என்று பொருள்.

பிற கோயில்களில், 'ஈராயிரம் ஆண்டுப் பழமை' என்ற தொடரைக் கண்டதும் நின்று விடுங்கள். யார் சொன்னது, எதைக்கொண்டு சொன்னது என்று பின்னோக்கிப் போனால் பெரும்பாலும் தலபுராணத்தில் போய் நிற்கும். தலபுராணம் அந்தத் தலத்தைப் பற்றிய நம்பிக்கைக்குச் சான்று, கட்டடத்தின் காலத்துக்குச் சான்றாகாது. கோயில்களைத் தொகுத்துத் தரும் வலைத்தளங்களும் பெரும்பாலும் நிர்வாகமோ அர்ச்சகரோ தந்த செய்தியையே வெளியிடுகின்றன; நடை திறக்கும் நேரத்துக்கு அவை போதும், காலக்கணிப்புக்குப் போதா.

மூலங்கள் முரண்பட்டால்: மனோராவின் பாடம்

தஞ்சை மாவட்டம் மல்லிப்பட்டினத்துக்கு அருகே கடலோரத்தில் எட்டு அடுக்குகளோடு எழுந்து நிற்கும் மனோரா, சரபோஜி மன்னர் ஆங்கிலேயரின் வெற்றியைக் கொண்டாடக் கட்டியது. அது எந்த வெற்றி என்று கேட்டால் செய்திக் கட்டுரைகள் பிரிந்துவிடும். பலர் 1815-ஆம் ஆண்டு வாட்டர்லூ போரைச் சொல்வார்கள். சிலர் 1813-ஆம் ஆண்டு லைப்சிக் போரைச் சொல்வார்கள். அங்குள்ள கல்வெட்டோ 1814 என்று ஆண்டைத் தந்து, பிரிட்டிஷ் படைகளின் வெற்றிகளையும் நெப்போலியன் பொனபார்ட்டின் வீழ்ச்சியையும் நினைவுகூர எழுப்பியதாகச் சொல்கிறது. நெப்போலியன் முதன்முறை முடிதுறந்தது 1814 ஏப்ரலில். வாட்டர்லூ போர் நடந்ததோ 1815 ஜூனில்.

இந்த இடத்தில் புதியவருக்கு இரண்டு ஆசைகள் எழும். ஒன்று, எண்ணிக்கையில் மிகுந்த மூலங்கள் சொல்வதை எழுதிவிடுவது. மற்றது, மேலே நான் செய்ததுபோல் நாட்களை ஒப்பிட்டு, 'வாட்டர்லூ என்பது தவறு' என்று தாமே தீர்ப்பு எழுதிவிடுவது. இரண்டும் வேண்டாம். கல்வெட்டில் உள்ளது இது என்று, அதை வெளியிட்ட நூலை மேற்கோள் காட்டி எழுதுங்கள். பிற்கால எழுத்தாளர்கள் இன்னின்ன போரோடு இதைத் தொடர்புபடுத்துகின்றனர் என்று அடுத்த வாக்கியத்தில் சொல்லுங்கள். நாட்களைச் சேர்த்துப் பார்க்கும் வேலையைப் படிப்பவர் செய்துகொள்வார். முரண்பாட்டை ஆராய்ந்த அறிஞர் எவரேனும் கிடைத்தால் அவர் முடிவை அவர் பெயரில் தரலாம். தகுதி பற்றிய கேள்விக்கு இதில் மறைமுகமான விடையும் இருக்கிறது: ஒரு கட்டடத்தின் காரணத்தைப் பற்றி எழுத்தாளர்கள் கருத்து வேறுபடுகிறார்கள் என்றால், அதைப் பற்றிப் பலர் தனித்தனியே எழுதியிருக்கிறார்கள் என்றே பொருள்.

எங்கே வைப்பது

இவ்வளவும் ஆன பின் தனிக்கட்டுரை, வேறொரு கட்டுரையின் பகுதி, பட்டியலில் ஒரு வரிசை, இப்போதைக்கு எதுவும் இல்லை என்ற நான்கில் ஒன்றைத் தேர்வீர்கள். விரிவான மூலங்கள் இருந்து, அண்டை வீட்டுச் சோதனைக்குப் பின்னும் மூன்று நான்கு பத்தி மிஞ்சினால் தயங்காமல் தனிக்கட்டுரை எழுதுங்கள். ஒரே ஒரு நல்ல மூலம் மட்டும் இருந்தால், ஊரைப் பற்றிய கட்டுரையிலோ அந்த நிறுவனத்தைப் பற்றிய கட்டுரையிலோ ஒரு துணைத்தலைப்பாகச் சேருங்கள். பள்ளி, கல்லூரி, மருத்துவமனை போன்றவற்றில் நிறுவனத்துக்குக் கட்டுரை இருந்தால் கட்டடம் அதற்குள் அடங்குவதே இயல்பு.

சில வேளைகளில் இதற்கு மாறாக, ஒரே கட்டடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கட்டுரைகள் தேவைப்படும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1959-இல் திறக்கப்பட்ட கட்டடம். 1981-இல் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அந்த எரிப்பைப் பற்றி மட்டும் எழுதப்பட்டவை ஒரு தனிக்கட்டுரையைத் தாங்கும் அளவுக்கு உள்ளன. நூலகத்தைப் பற்றிய கட்டுரையில் அதைச் சுருக்கமாகச் சொல்லி இணைப்புத் தருவது போதும். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடைத்தால் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வடிவமைப்பைப் பற்றிச் சொல்ல இடமே இருக்காது.

கட்டடம் இன்று இல்லை என்பது தடையாகாது. சென்னையின் மூர் மார்க்கெட் 1985 மே மாதத் தீயில் அழிந்து, அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்துவிட்டது. ஆனாலும் அதைப் பற்றி எழுதப்பட்டவை எரியவில்லை. ஒருமுறை கிடைத்த தகுதி இடிந்தாலும் போகாது. அதே காரணத்தால், இன்னும் இடிக்கப்படாமல் ஆபத்தில் இருக்கிறது என்பதும் புதிதாகத் தகுதி தராது. கட்டடத்தைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தோடு கட்டுரை தொடங்குகிறவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள் நோக்கத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இயக்கத்துக்குக் கலைக்களஞ்சியத்தைக் கருவியாக்கினால், நடுநிலை கெட்டது என்ற காரணத்துக்காகவே கட்டுரை நீக்கப்படலாம்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரை இருக்கிறது என்பதைக் காரணமாகச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு மொழியும் தன் முடிவைத் தானே எடுக்கிறது. அங்குள்ள மேற்கோள்களைத் திறந்து படித்து, அவை சொல்வதாகச் சொல்லப்படுவதை உண்மையில் சொல்கின்றனவா என்று பார்த்த பின்னரே அவற்றைக் கொண்டுவாருங்கள்.

நீக்கல் பரிந்துரை வந்தால்

முதலில், கட்டடத்தின் உரிமையாளரோ அறங்காவலரோ பழைய மாணவர் சங்கப் பொறுப்பாளரோ நீங்களே என்றால் அதைக் கட்டுரையோடு இணைந்த உரையாடல் பக்கமான பேச்சுப் பக்கத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு மூலங்களைத் தந்தால் மற்றவர்கள் எழுத உதவுவார்கள். மறைத்துப் பின்னால் தெரிந்தால், நல்ல மூலங்களையும் ஐயத்தோடு பார்ப்பார்கள்.

நீக்கலாமா என்று பயனர்கள் நடத்தும் உரையாடலில் 'எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்', 'இதைவிடச் சிறிய கட்டடத்துக்குக் கட்டுரை இருக்கிறதே' என்ற இரண்டு வாதங்களும் எடுபடா. இரண்டாவது வாதத்தைக் கேட்டு, அந்தச் சிறிய கட்டடத்தின் கட்டுரையும் நீக்கப்பட்டதுதான் நான் கண்ட ஒரே பலன். அதற்கு மாறாக, இன்ன நூலின் இன்ன பக்கங்களில் இக்கட்டடத்தைப் பற்றி இவ்வளவு இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். அச்சு நூல் என்றால், அந்தப் பகுதி எத்தனை பத்தி, எதைப் பற்றியது என்று சொல்லுங்கள். நூலைப் பார்க்காதவர்கள் அதைக் கொண்டுதான் முடிவெடுக்க முடியும்.

முடிவு எதிராகப் போனாலும், நீக்குவதற்குப் பதிலாக ஒன்றிணைத்து வழிமாற்றாக வைக்கும்படி கேளுங்கள். பழைய தலைப்பு அப்படியே இருக்கும், தேடி வருகிறவர் ஊரின் கட்டுரைக்குச் சென்று சேர்வார், நீங்கள் எழுதியவை அனைத்தும் பக்க வரலாற்றில் கிடக்கும். என் சத்திரம் இன்னும் அந்த நான்கு வாக்கியங்களாகவே இருக்கிறது. மராத்தியர் காலத்தில் மோடி என்ற எழுத்துமுறையில் எழுதப்பட்ட ஆவணங்களில் பயிற்சியுள்ள ஒருவர் அதைப் பற்றி ஏதேனும் எழுதி வெளியிட்டால், வழிமாற்றை எடுத்துவிட்டு ஐந்தாவது வாக்கியத்திலிருந்து தொடருவேன்.